வேதனம் வேலைக்கோ? குடும்பத்துக்கோ?

ஒரே வேலையை ஒரே நேரம் ஒரே திறமையோடு செய்கின்ற இருவருக்கு வேதனமும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்றால் அதனை மறுப்பார் எவருமிலர். மறுப்பார் இலராயிருந்தும், இவ்வுண்மை பல தேசங்களின் சட்டப் புத்தகங்களில் ஏறுதற்கு நெடுங்காலஞ் சென்றது. ஏறிய பின்னரும் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்தற்கு இன்னும் நெடுங்காலஞ் சென்றது. யாவரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று நடைமுறைக்கு வாராது நிற்குமாயின், அதற்கு எதிராக நிற்பது வெறும் பேராசை மாத்திரமன்று; நல்லெண்ணம் போலத் தோன்றும் வேறொரு நியாயமும் அங்கே உண்டென்பது எமது துணிபு. அந்த நியாயம் யாது, வெவ்வேறு தேசத்துச் சட்டங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எமது ஊரில் நிகழ்ந்த ஒரு சிறு காரியம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடாத்தும் ஒரு குழுவில் நாமும் ஓர் அங்கத்தவர். பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு பிரிவுகள். ஒன்றைக் கற்பிப்பவர் ஓர் இளைஞர், மற்றதைக் கற்பிப்பவர் ஓர் இளம்பெண். இருவரும் ஒரே தரத்துப் பட்டம் பெற்றவர்கள்; ஒரே மாதத்தில் நியமனம் பெற்றவர்கள்; வாரத்துக்கு ஆறு பாடவேளை என்பதும் இருவர்க்கும் பொது. இளைஞருக்கு மாதம் 15,000 ரூபாவும் பெண்ணுக்கு 12,000 ரூபாவும் என்று குழு தீர்மானித்தது. “அவர் ஆண்பிள்ளை, நாளைக்குக் குடும்பமென்று ஒன்று வரும்” என்றார் ஒருவர். எவரும் மறுத்துப் பேசவில்லை. நாமும் பேசவில்லை, தீர்மானத்தின் கீழே கையொப்பமிட்டோம். பதினான்கு மாதங்களின் பின் பொருளாளர் சுகவீனமுற்றமையாற் கணக்குப் புத்தகங்கள் சில நாள் எம்மிடம் இருந்தன. மற்றைய ஆசிரியர்களின் பற்றுச்சீட்டுக்கள் ஒரே கட்டாயிருக்க, அவ்விருவரின் சீட்டுக்கள் மாத்திரம் தனித்தனியே கட்டி வைக்கப்பட்டிருந்தன. காரணம் வினவியபோது, “வீண் கதை வரப்படாதென்றுதான், மாஸ்ரர்” என்னும் விடை கிடைத்தது.

அந்த இளைஞர் விவாகமாகாதவர். தந்தையார் ஓய்வூதியம் பெறுகின்றார். தமையனார் கனடாவிலிருந்து பணம் அனுப்புகின்றார். அந்தப் பெண்ணோ தாயையும், படிக்கின்ற தம்பிமார் இருவரையும் தமது உழைப்பினாற் பாதுகாப்பவர். ஆகவே குடும்பம் என்னும் நியாயத்தையே அளவுகோலாகக் கொண்டாலும் எங்கள் தீர்மானம் தலைகீழானது. ஆயின் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்தப் பெண் செல்வர் வீட்டுப் பிள்ளையாயிருந்து, அவ்விளைஞர் நால்வரைத் தாங்குபவராயிருந்தால் எங்கள் தீர்மானம் சரியாகிவிடுமோ? ஆகாதென்பதே எமது கருத்து. ஏன் ஆகாதென்பதைச் சொல்லுதல் அத்துணை எளிதன்று.

“அவருக்குக் குடும்பம் உண்டு” என்னும் சொல் எங்கள் குழுவிலே பிறந்ததன்று. அதனைத் தேச முழுவதற்கும் ஒரு விதியாக்கியவர் அவுஸ்திரேலியாவில் ஹிக்கின்ஸ் என்னும் நீதிபதி. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1906ஆம் ஆண்டிலே, தொழிலாளருக்கு நியாயமான கூலி கொடுக்கும் உற்பத்தியாளர் ஒருவகை வரியினின்றும் நீக்கப்படுவர் என்று சட்டம் இயற்றியது. மெல்பேண் நகருக்கு அணித்தாயுள்ள சன்ஷைன் என்னும் ஊரில் அறுவடை இயந்திரஞ் செய்யும் தொழிற்சாலையொன்றன் முதலாளி அவ்வரிவிலக்கைக் கோரினார். நியாயமான கூலி யாதென்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே நீதிபதி, தொழிலாளர் வீட்டுப் பெண்களையும் சாட்சிகளாக அழைத்து, வீட்டு வாடகை எவ்வளவு, ரொட்டியும் இறைச்சியும் எவ்வளவு, விறகு எவ்வளவு என்றெல்லாம் கேட்டறிந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய ஒரு மனிதன் நாகரிக சமூகத்தில் மனிதனாக வாழ்தற்கு நாளொன்றுக்கு 7 சிலிங் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே தீர்ப்பளித்தார். அவ்வரிச் சட்டம் அடுத்த ஆண்டிலே உயர் நீதிமன்றத்தாற் செல்லாதென்று தள்ளப்பட்டது. ஆயினும் 7 சிலிங் என்னும் அளவு நிலைத்து, அத்தேசத்து அடிப்படைக் கூலியாய் வளர்ந்தது.

இத்தீர்ப்பை நாம் இகழ்ந்து பேசமாட்டோம். கூலியென்பது முதலாளியும் தொழிலாளியும் பேரம்பேசி முடிக்கும் விலை என்று உலகமெங்கும் சொல்லிக்கொண்டிருந்த நாளிலே, மனிதன் உண்ணவும் உடுக்கவும் வேண்டியது முன்னே, முதலாளியின் இலாபம் பின்னே என்று நீதியாசனத்திலிருந்து சொல்லுதல் சிறிய காரியமன்று. ஆயினும் அந்த அறத்தினுள்ளேயே ஒரு முள் இருந்தது. கூலி குடும்பத்துக்கு என்றால், குடும்பம் ஆணினுடையது என்றால், பெண்ணுக்குரிய கூலி யாது?

அக்கேள்வி 1912ஆம் ஆண்டிலே மில்டூரா என்னும் ஊரின் பழத்தோட்டங்களிலிருந்து அதே நீதிபதியின் முன் வந்தது. பழம் பறிப்பவர்களிற் பெரும்பாலார் ஆண்கள். சில பெண்களும் பறித்தனர். பழத்தைப் பெட்டியில் அடுக்குவோர் பெண்கள். பறிக்கும் பெண்ணுக்கு ஆணின் கூலியே கொடுக்கவேண்டும் என்றும், அடுக்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி போதும் என்றும் தீர்ப்பாயிற்று. பறிக்கும் பெண்ணுக்குச் சமகூலி அளித்தது அவள்மேற் கொண்ட இரக்கத்தினாலன்று. குறைந்த கூலிக்குப் பெண் கிடைப்பாளாயின் முதலாளி ஆணை விலக்கிவிடுவான் என்னும் அச்சத்தினால். அடுக்கும் வேலையில் ஆணோடு போட்டியில்லை. ஆகவே அங்கே ஒரு தனிமனுஷி உயிர்வாழப் போதிய கூலியே போதுமாயிற்று. மனைவி மக்களைத் தாபரிக்கும் கடமையைச் சட்டம் ஆணுக்கே விதித்திருக்கின்றது, பெண்ணுக்கு விதிக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1919ஆம் ஆண்டிலே தையற்றொழிலாளர் வழக்கிற் பெண்ணின் அடிப்படைக் கூலி ஆணின் கூலியில் ஏறக்குறைய 54 வீதமாக வகுக்கப்பட்டது. 1950இல் அது 75 வீதமாயிற்று. 1969இல் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றும், 1972இல் ஒத்த பெறுமதியுள்ள வேலைக்கு ஒத்த கூலி என்றும் தீர்ப்புக்கள் வந்தன. குடும்பம் என்னும் பகுதி ஆணின் குறைந்த கூலியிலிருந்து முற்றாக நீங்கியது 1974ஆம் ஆண்டிலேதான். ஒரு நல்ல மனிதர் நல்ல நோக்கத்தோடு நட்ட முளையைப் பிடுங்க 67 ஆண்டுகள் சென்றன.

இதே வாதத்தை நமது தொழிலைச் சேர்ந்தவர்களே எவ்வாறு கையாண்டனர் என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிதல் நன்று. இங்கிலாந்திலே முதலாம் மகாயுத்தத்தின் பின் ஆசிரியர் சம்பளம் பேண்ஹாம் குழுவினால் வகுக்கப்பட்டபோது, பெண்ணாசிரியரின் படிநிலைச் சம்பளம் ஆணாசிரியரினதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காயிருந்தது. தேசிய ஆசிரியர் சங்கம் 1919இல் அங்கத்தவர் வாக்கெடுத்துச் சமசம்பளத்தைத் தன் கொள்கையாக ஏற்றது. ஏற்றவுடன் சங்கம் மூன்றாய்ப் பிளந்தது. கொள்கையை ஏற்றும் அதற்காக முயலவில்லையென்று பெண்களில் ஒரு சாரார் 1920இல் வெளியேறித் தனிச்சங்கம் நடாத்தினர். கொள்கையையே ஏற்கமாட்டோமென்று ஆண்களில் ஒரு சாரார் 1922இல் வெளியேறி வேறொரு சங்கங் கண்டனர். ஒரே சம்பளமாயின் மணஞ்செய்து குடும்பத்தைத் தாங்கும் ஆணுக்கு அநீதியாகும் என்பது பின்னவரின் வாதம். பெண்கள் தாங்கிய குடும்பங்களை அவர்கள் எண்ணவில்லை. பெண்ணாசிரியர்களிற் பெரும்பாலாருக்குக் குடும்பம் இல்லாதிருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு: விவாகஞ் செய்தவுடன் பெண்ணாசிரியை வேலையை விட்டு நீங்கவேண்டும் என்பது பல இடங்களில் விதியாயிருந்தது. குடும்பம் உண்டாகவும் விடாது, குடும்பம் இல்லையென்று கூலியையுங் குறைத்தல் விநோதமான தருக்கமன்றோ?

அத்தடை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தினால் நீங்கியது. அச்சட்டம் பிரேரணையாயிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு காட்சி என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆசிரியர் சம்பளத்தில் ஆண் பெண் வேற்றுமை கூடாதென்று தெல்மா கசலெற்-கெயர் என்னும் அங்கத்தவர் ஒரு திருத்தங் கொண்டுவந்தார். மார்ச் மாதம் 28ஆந் திகதி அது 117க்கு 116 என்னும் வாக்குக்களால், ஒரே ஒரு வாக்கு மிகையால், நிறைவேறியது. பிரதம மந்திரி சேர்ச்சில் அதனைத் தமது அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையின்மையாகக் கொண்டு மறுவாக்கு வேண்டினார். யுத்தம் உக்கிரமாய் நடந்துகொண்டிருந்த காலம். அரசாங்கத்தை வீழ்த்துவார் யார்? இரண்டு நாட் கழித்து 425க்கு 23 என்னும் வாக்குக்களால் திருத்தம் நீக்கப்பட்டது. அவ்விரண்டு நாட்களில் நியாயம் மாறவில்லை. கேட்கப்பட்ட கேள்வி மாறியது. இங்கிலாந்துப் பெண்ணாசிரியர் ஆண்களோடு சமசம்பளம் முழுமையாகப் பெற்றது 1961இல். 1920இல் வெளியேறிய பெண்ணாசிரியர் சங்கம், தான் பிறந்த காரணம் முடிந்ததென்று அவ்வாண்டிலேயே தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. தன் வேலை முடிந்ததென்று தானே கலையும் சங்கங்களை நாம் அதிகங் கண்டதில்லை.

அற்றேல், தேவை என்பது ஒரு பொருட்டன்றோ என்று வினவுவார் உளர். மூன்று பிள்ளைகளுடைய ஆசிரியனும் தனியொருவனும் ஒரே சம்பளம் பெற்றால், ஒருவன் வீட்டில் அரைவயிறு, மற்றவன் வங்கியில் மிச்சம் என்று முடியுமன்றோ? இவ்வினா நேர்மையானது, இதற்கு விடையிறாது சமகூலி பேசுவோர் பாதி வழியிலே நின்றவராவர். விடையிறுத்தவர் இங்கிலாந்தில் எலினர் ரத்போன் என்னும் அம்மையார். குடும்ப வருவாயைக் குறித்து அவர் எழுதிய நூல் 1924ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் வாதத்தின் சாரத்தை எம் சொல்லிற் கூறுவோம். கூலியினாற் குடும்பத்தைத் தாங்கலாமென்பது கணக்கிலேயே பிழை. எல்லா ஆணுக்கும் ஐவர்க்குரிய கூலியைக் கொடுத்தால், பிள்ளையில்லாதான் இல்லாத பிள்ளைக்கும் கூலி பெறுகின்றான். ஆறு பிள்ளையுடையான் வீட்டிலோ மூன்று பிள்ளைகள் கூலியின்றி நிற்கின்றன. கைம்பெண்ணின் பிள்ளைகளுக்கோ ஒன்றுமில்லை. ஆகவே கூலி வேலையின் விலையாகட்டும். பிள்ளையின் தேவையைப் பொதுப்பணம் ஏற்கட்டும். அப்பணமும் தாயின் கையிற் சேரட்டும் என்பதே.

இருபது ஆண்டுகளின் பின் 1945இல் குடும்பக் கொடுப்பனவுச் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. பணத்தைத் தந்தைக்குக் கொடுப்பதென்றே அரசாங்கம் முதலில் எழுதியிருந்தது. அம்மையார் விடாது நின்று அதனைத் தாய்க்கென்று மாற்றுவித்தார். இரண்டாம் பிள்ளை முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 சிலிங் 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கொடுக்கத் தொடங்கினர். அதனைக் காண அம்மையார் இருக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலே காலமானார். அவுஸ்திரேலியாவிலும் 1941 முதற் பிள்ளைக்கொடை தேசமெங்கும் வழங்கிற்று. பிள்ளையின் பாரம் பொதுப்பணத்தின்மேல் ஏறிய பின்னரும் ஆணின் கூலியிற் குடும்பப் பங்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் போய்விட்டால் வழக்கமும் போய்விடும் என்று எண்ணுதல் தவறென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, தேவையை ஒருபுறம் வைத்து வேலையை மாத்திரம் அளப்போம் என்றாலும் இடர் தீர்வதில்லை. எவ்வேலை எவ்வேலைக்கு ஒப்பு? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1963இல் நிறைவேறிய சட்டம், ஒரே தொழிலகத்தில் ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. பழம் பறிக்கும் பெண்ணுக்கு அது போதும். பெட்டியில் அடுக்கும் பெண்ணுக்கு அதனாற் பயனில்லை, அவளுக்குப் பக்கத்தில் அதே வேலை செய்யும் ஆண் இல்லையாகையால். வெர்செயில்ஸ் உடன்படிக்கை 1919ஆம் ஆண்டிலேயே ஒரே வேலை என்னாது, ஒத்த பெறுமதியுள்ள வேலை என்று எழுதியிருந்தது. சர்வதேச தொழில் தாபனமும் 1951ஆம் ஆண்டு 100ஆம் இலக்கச் சமவாயத்தில் அச்சொல்லையே கொண்டது. சொல்லில் வேற்றுமை சிறிது. பயனில் மிகப் பெரிது.

இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்னுமிடத்துப் போட் மோட்டார்த் தொழிற்சாலையிலே கார் ஆசனங்களுக்கு உறை தைத்த 187 பெண்கள் 1968ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களின் தையல், தேர்ச்சி குறைந்த வேலையென்று தரம் பிரிக்கப்பட்டிருந்தது. அவர்கள் கேட்டது தரத்தை மாற்றும்படி. கிடைத்தது கூலியில் ஓர் உயர்வு. வீட்டிலே தாய் கற்பித்த தையலைத் தேர்ச்சியென்று மதிக்க முதலாளிமாருக்கு மனம் வரவில்லை. இவ்வேலைநிறுத்தத்தின் வழியே 1970ஆம் ஆண்டுச் சமசம்பளச் சட்டம் பிறந்து 1975ஆம் ஆண்டு முடிவில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அப்பெண்கள் முதலிற் கேட்ட தரம் கிடைத்தது மீண்டுமொரு வேலைநிறுத்தத்தின் பின் 1984இல்தான். அவ்வாண்டிலேயே ஒத்த பெறுமதி என்னும் விதியும், ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பணிந்து, பிரித்தானியச் சட்டத்தில் நடைமுறையாயிற்று. அதனைக் கொண்டு ஒரு கப்பற்றொழிற்சாலையின் சமையற்காரப் பெண் தம் வேலை அங்குள்ள வர்ணம் பூசுவோன், தச்சன் ஆகியோரின் வேலைக்கு ஒப்பானதென்று வழக்காடி 1988இல் பிரபுக்கள் சபையிற் சாதித்தார். அகப்பையையும் உளியையும் ஒரு தராசில் நிறுக்கலாமோ என்று நகைத்தவர் பலர். நிறுக்கலாம்; பயிற்சி எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு, உடல்வருத்தம் எவ்வளவு என்று தனித்தனி புள்ளியிட்டு நிறுத்தனர். கட்டுரைக்கும் கணிதத்துக்கும் புள்ளியிட்டு ஒரு கூட்டுத்தொகை காணும் நாம் இதனை நகைத்தல் பொருந்தாது.

நமது தீவிலும் இவ்விரு சொற்களின் வேற்றுமையைக் காணலாம். மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைசெய்த இந்தியத் தொழிலாளருக்காக 1927இல் இயற்றப்பட்ட குறைந்த கூலிச் சட்டம் ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று, பிள்ளைக்கொன்று என்று மூவகைக் கூலி வகுத்தது. ஆண் பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984இல். அன்று வரை, தேயிலையின் பயனெல்லாம் எவருடைய விரல்நுனியிலே தொடங்குகின்றதோ அவருக்கே குறைந்த கூலி. சமமாகிய பின்னரோ, கவ்வாத்து வெட்டும் ஆண் தன் அளவை முடித்து மத்தியானத்தில் வீடு திரும்ப, கொழுந்து பறிக்கும் பெண் மாலை நிறுவை வரை மலையில் நிற்பது தோட்டங்களிற் பலரும் கண்ட வழக்கம். குறித்த நிறை பறியாவிடில் அரைப்பேர். நாட்கூலி ஒன்று, நாள் ஒன்றன்று. இதனை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ்க் கொண்டுபோவது? 1993இல் நமது அரசாங்கம் 100ஆம் இலக்கச் சமவாயத்துக்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் பால் காரணமாகப் பாரபட்சங் கூடாதென்கின்றது. ஆனால் அவ்வுரிமையைக் கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசாங்க நிருவாகத்தின் செயலுக்கெதிராகவே கூடும். தனி முதலாளியை அது தொடுவதில்லை. எங்கள் மாலை வகுப்புக் குழுவையும் தொடுவதில்லை.

சட்டம் தொடுமிடத்திலும், தனக்குக் குறைகின்றதென்று அறியாதவள் எவ்வாறு முறையிடுவாள்? அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஒரு ரயர்த் தொழிற்சாலையில் லில்லி லெட்பெற்றர் என்னும் பெண் 1979 முதல் 1998 வரை வேலைசெய்தார். தம்மோடொத்த மேற்பார்வையாளர் பெறும் சம்பளம் யாதென்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாள், எழுதியவர் பெயரில்லாத ஒரு துண்டுக் கடதாசி அவர் பெட்டியிற் கிடந்தது. அவருடைய மாதச் சம்பளம் 3,727 டொலர். ஆண்களில் மிகக் குறைந்தது பெற்றவருக்கு 4,286 டொலர், மிகக் கூடியது பெற்றவருக்கு 5,236 டொலர். யூரிமார் அவருக்குச் சார்பாகத் தீர்த்தனர். 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் அதனைத் தள்ளியது: அநீதியான தீர்மானம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டுமாம். மறைத்து வைக்கப்பட்டதை 180 நாட்களுக்குள் கண்டுபிடிக்கும் கடமை அதனால் நட்டமடைந்தவளுடையதாயிற்று. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் நிறைவேறி, ஒவ்வொரு குறைந்த சம்பளக் கொடுப்பனவும் ஒரு புதிய தவறு என்று காலக்கணக்கைத் திருத்தியது. அவருக்கோ ஒரு சதமுங் கிடைக்கவில்லை. 2024இல் அவர் காலமானார்.

இதற்கு மாறான வழியை மேற்கொண்டது ஐஸ்லாந்து. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி அந்நாட்டுப் பெண்களிற் பத்தில் ஒன்பது பங்கினர் தொழிலகத்திலும் வீட்டிலும் வேலையை விட்டு வெளியே வந்தனர். சமசம்பளச் சட்டம் அங்கே முன்னமே இருந்தது. ஆயினும் வேற்றுமை தேயவில்லை. ஆகவே 2018இல் நடைமுறைக்கு வந்த விதி, 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் தாபனமெல்லாம் தான் சமமாகக் கொடுப்பதைத் தானே நிரூபித்து அத்தாட்சி பெறவேண்டும் என்றது. குறைவென்று காட்டும் பாரம் தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கி, குறைவில்லையென்று காட்டும் பாரமாகி முதலாளியின் தலையில் ஏறியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் ஒரு கட்டளை பிறப்பித்து, வேலை கேட்டு வருபவருக்குச் சம்பள எல்லையை முன்னரே சொல்லவேண்டும், முன்னே பெற்ற சம்பளத்தை அவரிடம் கேட்கலாகாது என்று விதித்தது. எங்கள் இரண்டு பற்றுச்சீட்டுக் கட்டுக்களையும் எண்ணிக்கொண்டு இவற்றை வாசித்தபோது எமக்குண்டான வெட்கத்தை இங்கே விரித்தெழுத விரும்பவில்லை.

எஞ்சியிருப்பது பழைய பாக்கியைப் பற்றிய கேள்வி. ஐரோப்பிய நாடுகள் ஆறு 1957இல் றோமாபுரியிற் செய்த உடன்படிக்கையின் 119ஆம் உறுப்புரை சமகூலியை விதித்தது. அதனை வற்புறுத்தியது பிரான்சு. தன் நாட்டுச் சட்டம் சமகூலி விதித்திருக்க, அயல்நாடுகள் மலிவான பெண்கூலியாற் பண்டங்களை மலிவாக விற்றுவிடும் என்னும் அச்சமே காரணம். அறம் சில வேளை வியாபாரக் கணக்கின் வாயிலாலும் உட்புகுகின்றது. பெல்ஜிய விமானச் சேவையிற் பணிப்பெண்ணாயிருந்த கப்ரியேல் டெப்ரென் என்பவர், தம்மோடு ஒரே வேலை செய்த ஆண்களினுங் குறைந்த கூலி பெற்று, ஒப்பந்தப்படி நாற்பதாம் வயதில் வேலையினின்றும் நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1976ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், அந்த உறுப்புரை எந்த முதலாளியையும் நேரே கட்டுப்படுத்தும், எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்டலாம் என்று தீர்த்தது. அவ்வளவில் மகிழ்ச்சி. ஆனால் பழைய பாக்கியெல்லாங் கொடுக்க நேர்ந்தால் தாபனங்கள் தாங்கா என்று பிரித்தானியாவும் அயர்லாந்தும் முறையிட்டிருந்தன. ஆகவே முன்னரே வழக்கிட்டவர்கள் தவிர, மற்றையோர் தீர்ப்பு நாளுக்கு முந்திய காலத்துக்கு ஒன்றுங் கேட்கமுடியாதென்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று.

அந்நீதிபதிகளை நாம் குற்றஞ் சொல்லத் துணியோம். கண்டமொன்றன் கணக்கு அவர்கள்முன் இருந்தது. எம் முன்னிருக்கும் கணக்கு சிறிது. மாதம் 3,000 ரூபா, பதினான்கு மாதம், ஆக 42,000 ரூபா. இம்மாதந் தொடங்கி இருவர்க்கும் ஒரே தொகை என்று குழு தீர்மானித்துவிட்டது. அதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. பாக்கியைப் பற்றி நாம் எடுத்தபோது, முன்னே தீர்மானித்தது அப்போதைய தீர்மானம், அவரும் அதற்கு உடன்பட்டே வந்தவர் என்றார் ஒருவர். அவர் உடன்பட்டது 12,000 ரூபாவுக்கு; பக்கத்து அறையில் 15,000 ரூபா என்று அறிந்தல்லவே. நிதியில் அவ்வளவு இல்லை என்றார் வேறொருவர், இது மெய். பாக்கி கொடுத்தால் நாம் பிழை செய்ததாக ஊர் சொல்லும் என்றார் மூன்றாமவர், இதுவும் மெய்.

முதலிற் கையொப்பமிட்ட ஐவரும் 42,000 ரூபாவை ஆளுக்கொரு பங்காகக் கொடுப்பது என்று ஒரு பிரேரணை எழுதிச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கின்றோம். எம் பங்கு 8,400 ரூபா. அதனைக் கடித உறையிலிட்டுப் பிரேரணையோடு வைத்திருக்கின்றோம். கூட்டம் வருகின்ற சனிக்கிழமை. அந்த ஆசிரியைக்கு இது பற்றி இன்னும் ஒருவருஞ் சொல்லவில்லை. கூட்டத்தின் முடிவு எதுவாயினும், இரண்டு கட்டுப் பற்றுச்சீட்டுக்களையும் ஞாயிற்றுக்கிழமை அவரிடங் கொண்டுபோய்க் காட்டுவதாக இருக்கின்றோம்.